அழித்தாலும் முளைப்பது எப்படி?

குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் இத்தனை வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லி ஓடவிட்ட பாட்களில் ஒன்றை 'கியூப்சிடிஎல் டெலிட்' கட்டளை கொடுத்து அழித்துப் பாருங்கள். 'அழிக்கப்பட்டது' என்று திரை பதில் சொல்லும். உடனே பட்டியலைக் கேளுங்கள். அழித்தது இருக்காது. ஆனால் அதே வேலையைச் செய்ய இன்னொன்று வந்து நிற்கும். பெயரின் கடைசி ஐந்து எழுத்துகள் மாறியிருக்கும்; வயது என்ற பத்தியில் சில விநாடிகள் என்று காட்டும். திரும்ப அழித்தால் திரும்ப வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் கட்டளை பலிக்கவில்லை என்றே நினைப்பார்கள். கட்டளை சரியாகத்தான் பலித்திருக்கிறது.

கண்டெய்னர் என்பது லினக்ஸில் ஓடும் சாதாரண நிரல்தான். சுற்றி இரண்டு வேலிகள் போட்டிருப்பார்கள். நேம்ஸ்பேஸ் என்ற வேலி, பக்கத்தில் ஓடும் மற்ற நிரல்களை அதன் கண்ணில் படாமல் மறைக்கிறது. சி-குரூப் என்ற வேலி, எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியூ என்று அளவு கட்டுகிறது. சி-குரூப் வேலையைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கினார்கள். 2008இல் அது லினக்ஸ் கர்னலுக்குள் சேர்ந்தது. 2013இல் டாக்கர் வந்து கண்டெய்னரை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களைப் பல சர்வர்களில் பரப்பி வைத்தால் மேய்ப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. கூகுள் தனக்குள் போர்க் என்ற அமைப்பை வைத்துப் பல ஆண்டுகள் இதைச் செய்துவந்திருந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த குபெர்னெட்டிஸ் 2014 ஜூனில் திறந்த மூலமாக வெளியானது, 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. ஒன்றோ சிலவோ கண்டெய்னர்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் பாட்.

குபெர்னெட்டிஸ் மேய்க்கும் சர்வர்க் கூட்டம்தான் கிளஸ்டர்; அதனிடம் பேசும் கட்டளைக் கருவி கியூப்சிடிஎல். வியப்பான விஷயம், அது தானாக எந்தக் கண்டெய்னரையும் தொடங்குவதில்லை, நிறுத்துவதுமில்லை. எந்தக் கிளஸ்டர், எந்தச் சான்றிதழ் என்பதை ஒரு கோப்பிலிருந்து படிக்கிறது. நீங்கள் தட்டியதை இணையக் கோரிக்கையாக மாற்றி ஏபிஐ சர்வருக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். கட்டளையோடு 'வி=8' என்று சேர்த்தால் போகிற கோரிக்கை, வருகிற பதில் எல்லாம் திரையில் ஓடும். புதிதாகக் கற்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பாட்கள் ஓடுகின்றன, ஐந்தாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்கேல்' கட்டளை போகிறது. ஏபிஐ சர்வர், கேட்பவர் யார், அவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, எட்சிடி என்ற தரவுக்கிடங்கில் எண்ணை ஐந்து என்று மாற்றி எழுதுகிறது. 'முடிந்தது' என்ற பதிலும் வந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் புதிய கண்டெய்னர் ஒன்றுகூடப் பிறந்திருக்காது. எழுதப்பட்டது வேலை அல்ல, விருப்பம்.

இனிமேல்தான் வேலை. ஏபிஐ சர்வர் வழியாக அந்தப் பதிவேட்டைச் சில நிரல்கள் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கண்ட்ரோலர் எண்ணிப் பார்க்கிறது: வேண்டியது ஐந்து, இருப்பது மூன்று. இரண்டு பாட்களுக்கான பதிவை எழுதிவைக்கிறது. இடம் ஒதுக்கப்படாத பாட்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஷெட்யூலர், பொருத்தமான சர்வரைத் தேர்ந்து அதன் பெயரைப் பதிவில் சேர்க்கிறது. அந்தச் சர்வரில் இருக்கும் கியூப்லெட், தன் பெயருக்கு வேலை வந்திருப்பதைப் பார்த்துக் கண்டெய்னரை ஓடவிடச் செய்கிறது. இவற்றில் யாரும் யாருக்கும் நேரடியாக உத்தரவு போடுவதில்லை. எல்லோரும் ஒரே பதிவேட்டைப் படிக்கிறார்கள், அதிலேயே எழுதுகிறார்கள்.

மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு, குழாயைத் திறந்தது யார் என்று கேட்பதில்லை. மட்டம் இறங்கினால் தண்ணீர் விடும். கண்ட்ரோலரும் அப்படித்தான். பாட்டை அழித்தது நீங்களா, சர்வர் செத்ததா என்பது அதற்குப் பொருட்டல்ல. குறைந்தால் நிரப்பும்.

நிரப்புவதிலும் ஒரு நிதானம் உண்டு. உயிரோடு இருப்பதைக் கியூப்லெட் வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்யும். அது நின்றுபோனால் ஒரு நிமிடத்துக்குள் அந்தச் சர்வர் 'தயாரில்லை' என்று குறிக்கப்படும். ஆனாலும் அதிலிருந்த பாட்களை வேறிடத்துக்கு மாற்ற ஐந்து நிமிடம் பொறுக்கும். கேபிள் கொஞ்ச நேரம் கோளாறானதற்கெல்லாம் ஊரைக் காலிசெய்யக் கூடாது அல்லவா? திரும்பத் திரும்ப விழுகிற கண்டெய்னரை எழுப்ப 10, 20, 40 விநாடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய் ஐந்து நிமிடத்தில் நிறுத்தும். விழுந்ததன் குறியீடு 137 என்றால் பொறியாளர்கள் முதலில் நினைவகத்தைத்தான் சந்தேகிப்பார்கள்: 128உடன் 9 சேர்ந்தது அது, 9 என்பது லினக்ஸின் 'உடனே கொல்' என்ற சமிக்ஞை எண்; நினைவக அளவை மீறினாலும் அதுதான் வரும்.

பாட் பெயரின் அந்த ஐந்தெழுத்து வாலையும் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலுமாக 27 குறிகளைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். உயிரெழுத்துகளுக்கு அனுமதி இல்லை. 0, 1, 3 என்ற எண்களுக்கும் இல்லை. தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாது என்ற கவனம். அப்படியும் ஒரு கோடியே 43 லட்சத்துக்கு மேற்பட்ட வால்கள் கிடைக்கின்றன.

பதிவேடே தொலைந்தால்? அதனால்தான் எட்சிடியைப் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து கணினிகளில் வைக்கிறார்கள். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் எதுவும் எழுதப்படும். இந்த ஒப்புதலுக்கான ராஃப்ட் முறையை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டியேகோ ஓங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்டார்கள். ஐந்தில் இரண்டு விழுந்தாலும் பதிவேடு இயங்கும்.

இவ்வளவு பிடிவாதமான அமைப்பு, விருப்பத்தையே அழித்தால் அதே பிடிவாதத்தோடு கீழ்ப்படியும். பாட்டுக்குப் பதில், இத்தனை பாட்கள் வேண்டும் என்ற விருப்பத்தைத் தாங்கும் டிப்ளாய்மென்ட் என்ற பதிவை அழித்தால் அதன் பாட்கள் எல்லாம் போய்விடும். கிளஸ்டரில் வகுத்த நேம்ஸ்பேஸ் ஒன்றை (முன்பு சொன்ன லினக்ஸ் வேலி அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று) அழித்தால் அதற்குள் இருப்பது அத்தனையும் போகும். 'நிச்சயமாகவா?' என்று கருவி தானாகக் கேட்காது. சோதனைக் கிளஸ்டரும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் கிளஸ்டரும் கியூப்சிடிஎல் படிக்கும் ஒரே கோப்பில் இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே எந்தக் கிளஸ்டரில் நிற்கிறோம் என்பதை 'கரன்ட் கான்டெக்ஸ்ட்' கேட்டு உறுதிசெய்துகொள்வதும், மாற்றத்துக்கு முன் 'டிஃப்' போட்டுப் பார்ப்பதும் கட்டாயப் பழக்கமாக வேண்டும். எண்ணிக்கையைக் கையால் தட்டுவதைவிட, கோப்பில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் சேமித்து, 'அப்ளை' செய்வதே நல்லது என்பேன். யார், எப்போது, எதை விரும்பினார்கள் என்பது அப்போதுதான் மனிதர் படிக்கிற வடிவில் நிற்கும்.

பழக விரும்புகிறவர்கள் அலுவலகக் கிளஸ்டரில் கைவைக்க வேண்டாம். மினிகியூப் என்ற இலவசக் கருவி, 2 ஜிபி நினைவகம் காலியாக உள்ள மடிக்கணினியிலேயே ஒரு சிறு கிளஸ்டரை ஓடவிடும். அதில் ஆசைதீர உடைத்துப் பழகுங்கள்.