புகைக்குழாயைப் பாதி மட்டும் சுற்றாதீர்கள்



நம் மஹல்லாவில் விறகடுப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பேக்கரி, பிரியாணிக் கடை, கல்யாண மஹாலின் சமையல்கூடம் என எங்கும் அடுப்பிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரோரமாக மேலே போகிறது. பல இடங்களில் மாடியில் வீடும் இருக்கிறது. கை சுடாமலிருக்க ஆள் உயரம் வரை எதையாவது சுற்றிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிடுகிறோம். ஆபத்து அந்த மீதியில்தான் இருக்கிறது.

சூடு ஏன் சீராக இல்லை?

அடுப்பின் வாயில் புகை கொதிக்கக் கொதிக்க வருகிறது. மேலே போகப் போக, காற்றும் மழையும் படும் தகரம் அதைக் குளிர வைக்கிறது. விறகுப் புகை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், அதிலுள்ள பிசின் குழாயின் உட்சுவரில் தார் போலப் படியும். அது நன்றாக எரியும் பொருள். ஒருநாள் அடுப்பு அதிகமாக எரிந்தால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

இரும்பு, 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். 5 மீட்டர் குழாய் 250 டிகிரி சூடேறினால் 15 மில்லிமீட்டர். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் குழாய் வளையும், இணைப்புகள் வாய் பிளக்கும். அதன் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மாடியில் உறங்கும் பிள்ளைகளுக்கு அது உயிராபத்து.

என்ன செய்யலாம்?

* முதலில் குழாயின் உள்ளே சுத்தம் செய்யுங்கள். துருப்பிடித்து மெலிந்த பகுதியை மாற்றுங்கள்.

* சுற்றிய பிறகு தகரம் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். 200 டிகிரியைத் தாண்டினால் ஜி.ஐ. தகரத்தின் துத்தநாகப் பூச்சு உரியும். எனவே அடுப்பை ஒட்டிய பகுதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது.

* ராக் வூல் பாயை அடியிலிருந்து உச்சி வரை, வளைவுகளிலும் இடைவெளி விடாமல் சுற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்.

* மேலே அலுமினியத் தகடு போர்த்துங்கள். நனைந்த ராக் வூல் சூட்டைத் தடுக்காது.

* குழாய் நீள இடம் கொடுக்கும் பிடிமானம் வையுங்கள்.

* சாக்கு, பழைய கல்நார்க் கயிறு இரண்டும் வேண்டாம். சாக்கு எரியும், கல்நார்த் தூசு புற்றுநோய் தரும்.

சுற்றிய பிறகும் தார் முழுதாக நின்றுவிடாது. ஈர விறகைத் தவிர்த்து, குழாயை அடிக்கடி துடைத்து வாருங்கள். குழாயில் இரைச்சலுடன் தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பின் காற்று வழியை அடைத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

நம் தொழிலால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு வராமல் பார்ப்பதும் மார்க்கக் கடமையே. அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்து, நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.