சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்

சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்குகிறவர்கள் கூடையில் இருப்பதை அப்படியே பையில் போட்டுக்கொள்வதில்லை. நகத்தால் லேசாகக் கீறி, பிஞ்சா முற்றலா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். அதே ஆட்கள் பழைய சைக்கிள் வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். புதுச் சிவப்புப் பெயின்ட், புதுக் கைப்பிடி, புது பெல். வீட்டுக்கு ஓட்டி வரும்போதுதான் வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. எங்கோ முட்டி முன்பக்கப் போர்க் ஒரு பக்கம் கோணியிருந்தது. முன்சக்கரம் போர்க்கின் ஒரு காலை உரசுகிற மாதிரி நின்றது. அதை மறைக்கத்தான் அந்தப் பெயின்ட். விற்றவரைச் சொல்லிக் குற்றமில்லை. முன்பக்கத்தைத் தூக்கி ஒரு சுற்று விட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

வாங்கும்போதும் சரி, வாங்கி வந்து வீட்டில் பழுது பார்க்கும்போதும் சரி, பழைய சைக்கிளுக்கு முதல் வேலை அதுதான். சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

எங்கே தேடுவது? எங்கள் வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் சைக்கிளில் போய்வந்த தலைமுறை இப்போது கம்பெனி வேனுக்கும் டூவீலருக்கும் மாறிவிட்டது. அவர்களுடைய வண்டிகள் திண்ணையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் சாய்ந்து கிடக்கின்றன. இரண்டாவது கூட்டம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. பிளஸ் டூ முடிந்து பிள்ளை கல்லூரிப் பஸ்ஸில் ஏறியதும் வண்டி முற்றத்தில் நின்றுவிடும். படிப்பு முடியாத பிள்ளையின் வண்டியை மட்டும் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நல்ல காரியமில்லை.

இவை இரண்டையும் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டாம். பஞ்சர் ஒட்டுகிற சைக்கிள் கடையில் சொல்லி வைத்தால் போதும். யார் வீட்டில் எந்த வண்டி சும்மா நிற்கிறது, எது மழையில் நனைந்தது, எது ஒரே ஆள் கையில் இருந்தது என்பதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் வண்டி எடைக்கு வரும். கம்பி பிரேக் போட்ட பெரிய சைக்கிள் ஒன்று ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். கடைக்காரருக்கு அது 20 கிலோ இரும்பு, அவ்வளவே. அங்கே ஓட்டுவதற்கு வண்டி தேடுவதைவிட மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட் போன்றவற்றைத் தேடுவது லாபம். செல்போனில் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டோவில் எந்தச் சக்கரமும் கோணலாகத் தெரியாது.

பேரம் பேசுமுன் புது வண்டியின் விலையை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வண்டி விற்பவர் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்லக்கூடும்.

இன்னொரு விஷயம், திருட்டு வண்டி. மோட்டார் வாகனம் போல சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. இருக்கிற ஒரே அடையாளம் ஃபிரேமில் குத்திய எண்தான். பெரும்பாலும் பெடல் அச்சு போகிற குழாயின் அடிப்பக்கத்தில், அல்லது சீட்டுக்குக் கீழே இருக்கும். அந்த இடம் மட்டும் அரத்தால் ராவியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எண் சரியாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் அந்த எண், தேதி, தொகை, இருவர் கையெழுத்து. தெரிந்த அண்ணாச்சியாக இருந்தாலும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எந்த வண்டி? வீட்டில் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நான் சொல்வது பழைய 28 இஞ்ச் வண்டி. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், லூதியானாவின் ஹீரோ ஆகட்டும், கோன், ஆக்ஸில், காட்டர் பின் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினமாகப் பார்த்து நிறுத்தியது. அதனால் அட்லஸ் வைத்திருந்த யாரும் வண்டியைத் தூக்கிப் போட வேண்டி வரவில்லை.

26 இஞ்ச் வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 26 என்று போட்ட எல்லா டயரும் எல்லா 26 ரிம்மிலும் ஏறாது. லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். தடித்த டயர் போட்ட 26 × 1.95 வண்டிக்கு 559தான். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பது போல இரண்டு எண்கள் சேர்ந்து அச்சாகியிருக்கும். பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி சோதனை. "அண்ணாச்சி, கொஞ்சம் ஸ்டாண்ட் போட்டுப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் இருக்கும் இரட்டைக்கால் ஸ்டாண்ட் அருமையான ஏற்பாடு. வண்டியை நிறுத்துவதோடு பின்சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்கிவிடும். பெடலைக் கையால் சுற்றிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். ரிம் பிரேக் கட்டைக்கு நடுவே நேராக ஓடுகிறதா, பாம்பு போல நெளிகிறதா? கொஞ்சம் நெளிந்தால் கவலையில்லை, பெண்டு எடுத்துவிடலாம். ஒரே இடத்தில் மேலும் கீழும் குதித்தால் குழியில் விழுந்து ரிம் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரிம்மையே மாற்ற வேண்டியிருக்கும்.

சக்கரத்தை நிறுத்தி, டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். பெடல் தண்டைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். இரண்டு தண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே அச்சும் பால்ரஸும் போயிருக்கின்றன. ஒரு தண்டு மட்டும் 'டக்' என்றால் காட்டர் பின். பின்னது சின்னச் செலவு. செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும். பின்னுக்குப் பின் அரை அங்குலம், ஆக 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் முடிந்தது. பல்சக்கரத்தின் பற்களும் கூர் தீட்டியது போலத் தேய்ந்திருக்கின்றனவா பாருங்கள்.

கடைசியாக வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே, சாய்ந்த குழாயின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம். துருப்பிடித்த செயின், கிழிந்த சீட், வெடித்த டயர் எல்லாம் விலை குறைக்க உதவும் குறைகள். கோணிய ஃபிரேமுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அதைத் தூக்கி நிறுத்த வழி வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டிலிலும் நிறுத்துவார்கள். பஞ்சருக்கு அது போதும், கீழே ஒரு சாக்கை விரித்துக்கொண்டால் சீட் கிழியாது. ஆனால் பெல்லும் லைட் மாட்டும் கொண்டியும் நசுங்கும். கம்பி பிரேக்கைத் தலைகீழாக வைத்துச் சரிசெய்தால், நிமிர்த்தியதும் அது வேறு மாதிரி நிற்கும்.

பணம் கொடுத்து வாங்கும் ரிப்பேர் ஸ்டாண்ட் என்பது முக்காலியின் மேல் ஒரு கவ்வி. அமெரிக்காவில் செயின்ட் பால் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இருவர், நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து அலுத்துப்போய் 1963இல் தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கருவி விற்கும் பார்க் டூல் கம்பெனி அங்கிருந்துதான் பிறந்தது. இப்படி ஒன்றை வாங்கினால் கவ்வியை சீட் கம்பியில்தான் மாட்ட வேண்டும். ஃபிரேம் குழாயில் மாட்டி இறுக்கினால், அதுவும் அலுமினிய வண்டியாக இருந்தால், நெளிந்துவிடும். நம் பெரிய சைக்கிளில் சீட் கம்பி வெளியே அதிகம் தெரியாது. சீட்டை உயர்த்திக்கொண்டுதான் மாட்ட முடியும். கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு தகும். கடைகளில் காட்சிக்கு வைக்கப் பயன்படும், பின்சக்கரத்தை மட்டும் தூக்கும் சின்ன ஸ்டாண்ட் அதைவிட மலிவு. சைடு ஸ்டாண்ட் மட்டும் உள்ள வண்டிக்கு அது போதும்.

மற்றவர்களுக்கு வீட்டிலேயே ஸ்டாண்ட் இருக்கிறது. தொட்டில் கொக்கி. பிள்ளை வளர்ந்த பிறகு சும்மா இருக்கும் அந்தக் கொக்கியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, சீட்டுக்கு அடியில் கம்பியைச் சுற்றி ஒரு சுருக்கு, ஹேண்டில் தண்டைச் சுற்றி ஒரு சுருக்கு. பெடல் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தால் முதுகு வலிக்காது. ஹேண்டிலை ஒட்டி ஓடும் பிரேக் கம்பிகளில் கயிறு படக் கூடாது. ஃபேன் மாட்டிய கொக்கி வேண்டாம். மேலே வயர் ஓடுகிறது. தொட்டில் கொக்கி இல்லாத வீட்டில் வேப்பமரத்துக் கிளை உதவும்.

முற்றம் உள்ளவர்கள் இரண்டு கவட்டைக் கம்புகளை மூன்றடி இடைவெளியில் நட்டு, அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கம்பை வைக்கலாம். குறுக்குக் கம்பு ஃபிரேமுக்குள் புகுந்து, சீட்டுக்கு அருகே பாரைத் தாங்க வேண்டும். முன்சக்கரம் தரையில் நிற்கும், பின்சக்கரம் காற்றில் சுற்றும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கு இது ஆகாது. கம்புக்கு எங்கே போவது என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நம் டயரில் முள் ஏற்றிவிடுகிற சீமைக்கருவேலம் இதற்காவது உதவட்டும். இரும்புக் குழாயில் ஸ்டாண்ட் செய்ய நினைத்தால் வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். தீப்பெட்டி வேலையோ பட்டாசுச் சரக்கோ இருக்கிற வீட்டுப் பக்கம் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது.

தொங்கவிட்ட வண்டியில் முதலில் செயின். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். கரிசல் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் செயினை அரம் போலத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

பெண்டு எடுப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. பழைய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டுங்கள். 'டிங்' என்று சொல்லாமல் 'தொப்' என்பது தளர்ந்த கம்பி. ரிம் வலது பக்கம் ஒதுங்கும் இடத்தில், அச்சின் இடது பக்கத்திலிருந்து வரும் கம்பியின் நிப்பிளை அரைச் சுற்று இறுக்கி, பக்கத்து வலக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பிரேக் கட்டையே அளவுகோல். ஒரே கம்பியை முழுச் சுற்று திருகி வேலையை முடிக்க நினைத்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு கோணல் பிறக்கும். முதல் முறை எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.

முள் எடுத்துப் பஞ்சர் ஒட்டியதும் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கருவேல முள் முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் மறுநாளும் அதே இடத்தில் பஞ்சர்தான். காற்று இறங்குகிறது, ஓட்டையைக் காணோம் என்றால் வால்வு டியூபை மாற்றுங்கள். பெடல் கழற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும். வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.

காட்டர் பின்னையும் ஃப்ரீவீலையும் வீட்டில் தொடாதீர்கள். சுத்தியல் அடி கோணினால் பின் வளைந்து தண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஃப்ரீவீலைப் பிரித்தால் பொடிக் குண்டுகள் தரையெல்லாம் உருண்டு ஓடும். அவற்றைச் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் போக வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் பஞ்சரோடு நிற்கும் நேரம் அது. பதினோரு மணிக்குப் போனால் கடைக்காரர் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டியும் கொடுப்பார்.