விமானி லெஸ்லி மேன்சர் (1922–1942)

டெல்லியில் பிறந்த ஆங்கிலேயர். 1942 மே 30 இரவு, சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாக்கப் புறப்பட்டபோது, இவருக்கு 20 வயது நிரம்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றிரவு கொலோனில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவரை நினைக்கையில் அவர்களை விட்டுவிட முடியாது.

இவர் ஓட்டிய ‘மான்செஸ்டர்’, எஞ்சின் கோளாறுக்குப் பேர்போன ரகம். நகரின் மேல் பீரங்கிக் குண்டு பட்டது. திரும்பும் வழியில் இடது எஞ்சின் தீப்பிடித்தது. பெல்ஜியத்துக்கு மேல் விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. குதிக்கச் சொல்லி உத்தரவிட்டார். ஒருவர் பாராசூட்டை நீட்ட, வேண்டாமெனக் கையசைத்துவிட்டு, மற்ற ஆறு பேரும் குதிக்கும்வரை விமானத்தை நிலையாகப் பிடித்திருந்தார். அவர் குதிக்க நேரமிருக்கவில்லை.

ஆறு பேரில் ஒருவர் பிடிபட்டார். பெல்ஜிய மக்கள் ஒளித்துவைத்து வழியனுப்பிய ஐவர் இங்கிலாந்து திரும்பினர். அவர்கள் சொன்ன சாட்சியத்தின் பேரில் அதே ஆண்டு அக்டோபரில் மேன்சருக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. கல்லறை பெல்ஜியத்தின் ஹெவர்லி போர் மயானத்தில் உள்ளது.