சுவருக்குள் ‘பொதுப் பார்வை’ ஏது? அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் இல்லங்களும் சட்டமும்

ஆட்டிசம் உடையவர்களும் அறிவுசார் குறைபாடு உடையவர்களும் தங்கியிருக்கும் இல்லங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், “அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?” என்றுதான் முதலில் கேட்கப்படுகிறது. மூன்று வேளை உணவு, துவைத்த படுக்கை விரிப்பு, அவ்வப்போது மருத்துவர் வருகை ஆகியவை இருந்தால் கேட்டவர் நிறைவடைந்துவிடுகிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது அதன் 5ஆம் பிரிவு. குறிப்பிட்ட எந்தத் தங்குமிட ஏற்பாட்டிலும் வாழுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்படாதிருக்க அரசு முயல வேண்டும் என்றும் அது கூறுகிறது. ‘முயல வேண்டும்’ என்ற அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அரசுகள் தமக்கு வேண்டிய அவகாசம் அனைத்தையும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பும் இதே உரிமையைப் பற்றியதே. அதை விளக்கி 2017இல் ஐ.நா. குழு வெளியிட்ட பொதுக் கருத்துரை, கட்டடத்தின் அளவைக் கொண்டு ஓர் இல்லத்தை மதிப்பிட மறுக்கிறது. என்ன உண்பது, யாருடன் அறையைப் பகிர்வது, எப்போது உறங்குவது ஆகியவற்றை அங்கு வாழ்பவர் முடிவு செய்கிறாரா என்று அது பார்க்கிறது. முடிவு செய்ய இயலவில்லை என்றால், 8 பேர் வசிக்கும் வீடும் 800 பேர் அடைபட்டிருக்கும் வளாகமும் ஒரே தன்மையுடையவைதாம்.

ஆட்டிசம் உடைய ஒருவருக்கு இது ஏட்டளவிலான தத்துவம் அன்று. நாற்பது பேர் ஒரே கூடத்தில் உண்ணும் இரைச்சலை அவரது செவி தாங்காது. நாள்தோறும் தன் தட்டில் உண்டவருக்குத் திடீரென வேறு தட்டு வைக்கப்பட்டால் அன்றைய பொழுதே குலைந்துபோகும். பேச்சு வராத ஒருவர் சுவரில் தலையை மோதிக்கொண்டால், அதற்குப் பல்வலி காரணமாக இருக்கலாம். படங்களைக் காட்டிக் கேட்கத் தெரிந்த பணியாளர் இருந்தால் அவர் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுவார். இல்லையெனில் ‘அடம்’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டு, உறங்கவைக்கும் மாத்திரை கொடுக்கப்படும். சங்கிலியை நாம் உடனே கண்டுகொள்கிறோம். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டபோது நாடே அதிர்ந்தது. மாத்திரையால் பிணைப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இல்லங்களுக்கு யார் வந்துசேருகிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினரில் மாற்றுத்திறனாளிகள் 2.45 விழுக்காட்டினர், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத பிறரில் 2.18 விழுக்காட்டினர். அறிவுசார் குறைபாடு உடையவர்கள் நாடெங்கும் சுமார் 15 லட்சம் பேர் என அதே கணக்கெடுப்பு பதிவுசெய்தது. ஆட்டிசத்துக்கு அதில் தனி இடமே இல்லை. கணக்கில் வராதவருக்குத் திட்டமும் வராது.

வசதியுள்ள குடும்பம் வீட்டிலேயே ஒருவரைப் பணியமர்த்தும். நகரத்தில் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்லும். தாயும் தந்தையும் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில் வளர்ந்த மகனைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். துணைக்கு ஓர் ஆளை வைக்க அது ஒரு வாரத்துக்கும் போதாது. இத்தகைய குடும்பம் பிள்ளையை இல்லத்தில் விடுவதைக் ‘கைவிடுதல்’ என்று சொல்வோர், அரசு அந்தக் குடும்பத்தைக் கைவிட்டதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. சேரியில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் இருந்திருந்தால் அந்த மகன் மாலையில் வீடு திரும்பியிருப்பான்.

இல்லத்தினுள் அவருக்கு உணவூட்டி, உடல் கழுவி, மலமும் சிறுநீரும் அள்ளுபவர் யார் என்பதும் நமக்குரிய கேள்வியே. நாங்கள் சென்று கண்ட இல்லங்களில் அவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தில் இருந்த ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள். பயிற்சியும் அளிக்காமல், இரவு முழுதும் இருபது பேருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு, அடி விழுந்ததும் அந்தப் பெண்ணை மட்டும் குற்றவாளியாக்கி நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதை அனுமதிக்கலாகாது.

சட்டத்திடம் வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவைப் படிக்கும் நம் இயக்கத்தவருக்கு அது பழகிய முகமாகத் தோன்றும். வன்கொடுமைகளுக்கான தண்டனை என்பதே அதன் தலைப்பு. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம் என்ற அதன் முதல் உட்பிரிவு, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சொற்களை ஏறத்தாழ அப்படியே எடுத்தாள்கிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

சிக்கலும் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. ‘பொதுப் பார்வை’ என்ற தொடர் நம் வழக்குகளை எப்படியெல்லாம் முடக்கியது என்பதை நாம் அறிவோம். 2008இல் சுவரண் சிங் வழக்கிலும் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த அவமதிப்பு இதன்கீழ் வராது என்று கொண்டது. அதே அளவுகோல் இங்கும் பொருத்தப்பட்டால், வாழ்வு முழுவதுமே நான்கு சுவர்களுக்குள் கழியும் ஒருவரை எவ்வளவு இழிவுபடுத்தினாலும் இந்த உட்பிரிவின்கீழ் குற்றமாகாது. எனவே புகார் எழுதும் தோழர்கள் முதல் உட்பிரிவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒருவரைத் தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர், தெரிந்தே உணவையோ நீரையோ மறுப்பது தனிக் குற்றம். மானபங்கம் செய்யும் நோக்கிலான தாக்குதலும், ஆதிக்க நிலையைப் பயன்படுத்திப் பெண்ணையோ குழந்தையையோ பாலியல்ரீதியாகச் சுரண்டுவதும் தனித்தனிக் குற்றங்கள். இவற்றுக்குப் ‘பொதுப் பார்வை’ தேவையில்லை.

அடுத்தது பதிவு. மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லத்தைப் பதிவுச் சான்றிதழ் இன்றி நடத்தக் கூடாது என்கிறது 50ஆம் பிரிவு. நான்கு பிரிவுகள் தள்ளி, 54ஆம் பிரிவில், மத்திய, மாநில அரசுகள் நடத்தும் இல்லங்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்று ஒரே வாக்கியத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அரசு தவறே செய்யாது என்ற அனுமானம்தான் இதன் அடிப்படை. அந்த அனுமானத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

1994இல் மகாராஷ்டிரத்தில், ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தின் அறிவுசார் குறைபாடு உடைய பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோருக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்த் தூய்மையைப் பேணுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணம். சானிட்டரி நாப்கினும் உதவிக்கு ஒரு பெண்ணும் செய்யவேண்டிய வேலையை அறுவைக் கத்தியிடம் ஒப்படைத்தார்கள். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கின் பின்னணி, சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த ஆதரவற்ற பெண் அங்கேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றது. அவரது விருப்பத்துக்கு மாறாகக் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அறிவுசார் குறைபாடு உடையவருக்கும் தன் உடலின்மீது முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டியது. 2024 ஜூலையில் டெல்லி ரோகிணியிலுள்ள ஆஷா கிரண் என்னும் அரசு இல்லத்தில் ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொள்ளளவை மீறிய நெரிசல் அங்கு பல்லாண்டுப் பழைய செய்தி. அந்த இல்லத்தைக் குறித்த வழக்கில்தான் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு நடத்தும் இத்தகைய இல்லங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை எட்டு தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களிடம் அளித்தது. சட்ட மாணவர்கள் இதைத் தங்கள் வேலையாகவே கருத வேண்டும்.

பதிவு கட்டாயமாக உள்ள தனியார் இல்லங்களின் நிலையும் வேறல்ல. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், முறையான உரிமம் இன்றி ஆண்டுக்கணக்கில் இயங்கிவந்த ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்தல், பாலியல் வன்முறை, ஆட்கள் காணாமற்போதல் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதை வெளியே கொண்டுவந்தது ஆய்வு அதிகாரியல்ல. உள்ளே சேர்க்கப்பட்ட முதியவர் எங்கே என்று வெளிநாட்டிலிருந்த உறவினர் கேட்டார். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. கேட்பதற்கு அப்படி ஒருவர் இல்லாதோர்தாம் இத்தகைய இல்லங்களில் மிகுதி.

பணப் பற்றாக்குறையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் வாதிடுவதுண்டு. பணத்துக்குக் குறைவில்லாத இங்கிலாந்தில் நடந்ததை அவர்கள் பார்க்கட்டும். பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற 24 படுக்கைத் தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடையவர்களுக்காக ஆள் ஒன்றுக்கு வாரத்துக்குச் சராசரி 3,500 பவுண்டு பொதுப்பணம் செலுத்தப்பட்டது. 2011இல் பிபிசி மறைகேமராவில் பதிவுசெய்து ஒளிபரப்பியது, அவர்கள் அடிக்கப்பட்டதையும் தரையில் அழுத்தப்பட்டதையும். முன்னதாகவே அங்கிருந்த செவிலியர் ஒருவர் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் அளித்தும் பயனில்லை. 11 பணியாளர்கள் தண்டிக்கப்பட்டனர், அவர்களில் 6 பேர் சிறை சென்றனர். பணம் அங்கு சுவரை உயர்த்தத்தான் பயன்பட்டது.

வழக்கு பதிவானாலும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை ஏற்பார்களா என்ற தயக்கம் காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண்மீதான வன்புணர்வை விசாரித்த உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் சாட்சியம் எவ்வகையிலும் தாழ்ந்ததல்ல என்றது. சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் ஒன்றாக ஒருவர்மேல் இறங்கும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுவச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும் விரிவாக எழுதியது. எழுதிவிட்டு, சாதிக்கான சான்று போதவில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழான தண்டனையை மட்டும் நீக்கியது! பாலியல் குற்றங்களில் இத்தகையோரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியுடன், காணொளியாக நடுவர் பதிவுசெய்ய வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். முதல் நாளிலேயே இதை எழுத்துப்பூர்வமாகக் கோருங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ நம்பக் காரணமுள்ள எவரும், உறவினராக இல்லாவிட்டாலும், நிர்வாக நடுவரிடம் தகவல் அளிக்கலாம். நம் ஊர்களில் அது வட்டாட்சியரும் கோட்டாட்சியரும். மீட்கும்படி காவல்துறைக்கு ஆணையிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

அதற்கு முன்பே செய்யக்கூடியது தகவல் அறியும் உரிமை மனு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள்: மாவட்டத்தில் எத்தனை இல்லங்கள், எவற்றுக்குப் பதிவு உண்டு, கடைசி ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தனர், அவர்களுள் எத்தனை பேருக்கு உடற்கூறாய்வு செய்யப்பட்டது, வசிப்போரில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர். இவற்றுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். அரசு இல்லத்தில் உள்ள குறிப்பிட்ட ஒருவர் எங்கே இருக்கிறார், எந்நிலையில் இருக்கிறார் என்று கேட்பதாயின், அது உயிரும் சுதந்திரமும் சார்ந்த தகவல் என்று மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 48 மணி நேரம்.