அயனி மூலத்தைத் துடைத்து மாட்டியாச்சு, டியூன் சரியாக வரவில்லை: 18, 28, 32 என்ன சொல்கின்றன?

ஆவியாக்கல், அயனியாக்கல், முடுக்கம், விலக்கம், கண்டறிதல் என்று ஐந்து படிகளையும் நம் மாணவர்கள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். உள்ளே ஏன் வெற்றிடம் என்று கேட்டால், 'அயனிகள் காற்றோடு மோதாமல் இருக்க' என்று ஒரு வரி. தேர்வுக்கு அது போதும். ஆய்வகத்தில் அந்த ஒரு வரியை வைத்துத்தான் பாதிச் சிக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜிசி-எம்எஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். (இதில் காந்தப்புல விலக்கம் கிடையாது. நான்கு தண்டுகள் கொண்ட குவாட்ரபோல்தான் அயனிகளைப் பிரிக்கிறது.) அயனி மூலத்தில் அழுக்குப் படிந்தால் அதைக் கழற்றி, அலுமினாப் பொடியால் தேய்த்து, கரைப்பானில் கழுவி, உலர்த்தி மாட்டுவார்கள். பிறகு பிஎஃப்டிபிஏ என்ற ஃபுளோரின் சேர்மத்தைச் சிறிதளவு உள்ளே விட்டு டியூன் செய்வார்கள். அதன் 69, 219, 502 ஆகிய மூன்று உச்சங்கள்தாம் அளவுகோல்.

எண்களை மாணவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கார்பன், மூன்று ஃபுளோரின்: 12 + 57 = 69. நான்கு கார்பன், ஒன்பது ஃபுளோரின்: 48 + 171 = 219. ஒன்பது கார்பன், இருபது ஃபுளோரின், ஒரு நைட்ரஜன்: 108 + 380 + 14 = 502.

துடைத்து மாட்டியதும் டியூன் தோற்றால், மூலத்தை மறுபடி கழற்றத்தான் பலருக்கும் கை போகும். அவசரம் வேண்டாம். பெரிய உச்சங்களை விட்டுவிட்டு 18, 28, 32-ஐ முதலில் பாருங்கள்.

18 மட்டும் உயரமா? அது நீர். கருவியைத் திறந்தபோது உள்சுவரில் ஒட்டிய ஈரம். பம்ப் ஓட ஓட, மூலம் சூடாகச் சூடாக, சில மணி நேரத்தில் தானே இறங்கும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் டியூன் செய்வதே நல்லது.

28-உம் 32-உம் சேர்ந்து, ஏறக்குறைய 4:1 விகிதத்தில் நிற்கிறதா? காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21. கணக்கு பொருந்துகிறது, காற்று கசிகிறது. எவ்வளவு காத்திருந்தாலும் இது சரியாகாது. கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கியிருந்தாலே போதும். காற்றுத் திறப்பு வால்வு முழுதாக மூடாமலும் இருக்கலாம். குழாய் உள்ளே நுழையும் இடத்து நட்டு, சூடாகி ஆறியதும் தளர்ந்திருக்கலாம். எந்த இணைப்பு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றின் அருகிலும் கொஞ்சம் ஆர்கான் வாயுவைக் காட்டி 40-ஐக் கவனியுங்கள். எந்த இடத்தில் 40 துள்ளுகிறதோ, அங்கேதான் ஓட்டை. இதைப் பார்க்காமல் டியூனை மீண்டும் மீண்டும் ஓட்டினால், சூடான ஃபிலமென்ட் ஆக்சிஜனில் எரிந்து போகும். ஒரு நட்டை இறுக்கினால் முடிந்திருக்கும் வேலைக்கு, கருவியை மறுபடி திறந்து புது ஃபிலமென்ட் போட வேண்டி வரும்.

32 இல்லாமல் 28 மட்டும் இருந்தால்? காற்று என்று சட்டென முடிவு கட்டக் கூடாது. நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எத்தீன் மூன்றுக்குமே 28தான். குவாட்ரபோலால் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. தேர்விலும் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

இந்த மூன்றும் அடங்கிய பிறகும் சிக்கல் நீடித்தால்தான் மூலத்தைச் சந்தேகிக்கணும். 43, 57, 71, 85 என்று 14 இடைவெளியில் உச்சங்கள் வரிசை கட்டினால் அது ஹைட்ரோகார்பன். கையுறை இல்லாமல் தொட்ட விரலின் எண்ணெயாகவும் இருக்கலாம். உச்சமே இல்லையென்றால் ஃபிலமென்ட் எரிகிறதா, பிஎஃப்டிபிஏ குப்பியில் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்த பின் எலக்ட்ரான் மல்டிப்ளையரின் மின்னழுத்தம் பொதுவாகக் குறைய வேண்டும். மாறாக ஏறினாலோ, 502 மட்டும் சுருங்கிப் போனாலோ, லென்ஸ் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது ரிப்பெல்லரின் கம்பி சரியாகத் தொடாமல் இருக்கலாம். இப்போது கழற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு எனக்குப் பிடித்த பகுதி ஐசோடோப்பு விகிதம். ஃபுளோரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான். அதனால் 69-க்குப் பக்கத்து 70 முழுக்க கார்பன்-13-ஆல் வருவது: சுமார் 1.1 விழுக்காடு. 219-இல் நான்கு கார்பன், ஆகவே 220 சுமார் 4.3. 502-இல் ஒன்பது கார்பனோடு நைட்ரஜன்-15-உம் கொஞ்சம் சேர, 503 சுமார் 10.1. அறிக்கையில் 70 இதைவிட மிக அதிகமாக இருந்தால், உச்சம் அகன்றுவிட்டதா, 69 கண்டறிவானின் எல்லையைத் தாண்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். குளோரினின் 3:1 கணக்கைப் போட்ட மாணவருக்கு இது புதிதல்ல.

வகுப்பில் கொடுக்க ஒரு கேள்வி: 69-இன் உயரம் 100 எனில், மூலத்தை மாட்டி ஒரு மணி நேரத்தில் 18 = 60, 28 = 44, 32 = 11. மறுநாள் காலை 18 = 8, 28 = 43, 32 = 11. எது தானே சரியானது, எது ஆகவில்லை, அடுத்து எந்த இணைப்புகளைத் தொடுவீர்கள்?