முதுகறிந்து சேணம்

நுழையும்முன்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் குதிரை தன் முதுகையும் வாயையும் ஒருசேர அவனிடம் ஒப்படைத்தது. முதுகில் சேணமும் வாயில் கடிவாளமும் ஏற்ற அவ்வுயிர், தனக்கு நேரும் வலியைச் சொல்லால் உணர்த்த இயலாதது. அவ்வலியை அறிந்து நீக்குவதே குதிரை பழக்கும் கலையின் முதற்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கீரிப்பாறை. அங்குள்ள ரப்பர் தோட்டங்களில் பொழுது புலரும் முன்னரே பால்வெட்டும் தொழிலாளர் பணியைத் தொடங்குவர். கத்தி பட்டையைக் கடந்து உள்ளிருக்கும் வளர்திசுவைத் தீண்டினால் மரம் புண்படும். புண் ஆறிய இடம் முடிச்சிட்டு, மீண்டும் வெட்டுதற்கு உதவாமற் போகும். வெட்டு ஆழம் குறைந்தாலோ பால் முழுமையாகச் சுரவாது. ஒவ்வொரு மரத்தின் பட்டைக்கும் வேறு கனம் உண்டு. அதனைக் கையால் உணர்ந்து வெட்டுபவரே தேர்ந்த தொழிலாளர். பேசா உயிரிடம் பயன்பெறுவோர் அதன் உடலை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் இவ்வறம் குதிரைக்கும் பொருந்தும்.

தமிழில் புரவிச் சொற்கள்

புரவி, பரி, இவுளி, கலிமா எனப் பழந்தமிழர் குதிரைக்கு வழங்கிய பெயர்கள் பல. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. குதிரை கட்டும் இடம் மந்துரை எனவும், குதிரையைப் பயிற்றுபவன் வாசிவாரியன் எனவும், அதனை நடத்திப் பழக்கும் வெளி வையாளி வீதி எனவும் வழங்கப்பெற்றன. அதன் நடை வகைகளை ஐங்கதி என்றனர். இடப்புறமாகவும் வலப்புறமாகவும் வட்டமிட்டு ஓடுதலை இடசாரி, வலசாரி என்றனர். கலணை, பல்லணம் என்பன சேணத்தையும், அங்கவடி என்பது காலூன்றும் வளையத்தையும் குறித்தன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்புரவிகளின் அணிகலன்களைச் சிற்பிகள் நுட்பமாகச் செதுக்கியுள்ளனர்.

காயல் துறை கற்பிக்கும் பாடம்

சொல்வளம் இவ்வாறிருக்க, வரலாறு மற்றொரு காட்சியையும் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, தாமிரபரணியின் கழிமுகத்தை அடுத்திருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதைப் பதிவு செய்துள்ளார். மன்னர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100 கூட எஞ்சவில்லை எனவும் அவர் எழுதினார். பேணும் முறை அறியாமையும் இலாடம் அடிப்போர் இன்மையுமே காரணம் என்பது அவர் கருத்து. வந்திறங்கிய குதிரைகளை 40 நாள் கயிற்றால் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பயிற்சி அளிக்காமலும் அங்கவடி முதலிய கருவிகள் இல்லாமலும் வீரர் ஏறி விரட்டினர் எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார்.

அயலவர் கூற்றில் மிகை இருத்தல் கூடும். பாலைநிலக் குதிரைகளுக்கு நம் வெப்பமும் ஈரமும் ஒவ்வாமையும் ஒரு காரணமாகலாம். எனினும், பெரும்பொருள் கொடுத்து உயிரை வாங்கினால் மட்டும் போதாது, அதனைப் பேணும் அறிவும் உடன் வேண்டும் என்னும் உண்மையை இக்குறிப்புகள் உணர்த்துகின்றன.

டிரஸ்ஸாஜ் என்னும் பயிற்சிக்கலை

அவ்வறிவு முழுமை பெற்ற கலைகளுள் ஒன்று டிரஸ்ஸாஜ். பயிற்றுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய களத்தில், குதிரையும் அதன்மேல் அமர்ந்தவரும் ஓருடல் போல இயங்கிக் காட்டுவர். நடை, பெருநடை, ஓட்டம், வட்டமிடுதல், நின்ற இடத்திலேயே தாளமிட்டு அடியெடுத்தல் முதலிய அசைவு ஒவ்வொன்றுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றது. இன்று ஆடவரும் மகளிரும் ஒரே பிரிவில் நின்று போட்டியிடுகின்றனர்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் குதிரையேற்றம் குறித்து நூல் இயற்றினார். அடித்தும் வற்புறுத்தியும் செய்விக்கும் அசைவில் அழகு இராது என்பது அவர் துணிபு.

அளந்து அணிவித்தல்

வலி இருக்கும் உடலில் பயிற்சி நிலைக்காது. ஆதலின், பயிற்சி தொடங்குமுன் சேணம் பொருந்துகிறதா எனக் காண்பது கடமையாகும்.

சேணத்தின் உள்ளே உறுதியான சட்டம் ஒன்று உண்டு. அச்சட்டத்தின் அகலம் குதிரையின் முதுகமைப்புக்கு ஒத்திருத்தல் வேண்டும். குறுகியிருந்தால் தோளருகே இறுக்கும். அகன்றிருந்தால் முன்பகுதி தாழ்ந்து, கழுத்தும் முதுகும் கூடும் மேட்டில் அழுந்தும். சேணத்துக்கும் அம்மேட்டுக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஏறுபவரின் எடை முதுகெலும்பின்மேல் விழாமல், அதன் இருபுறத் தசைகளிலும் சீராகப் பரவ வேண்டும். முன்னே தோள்பட்டை எலும்பின் அசைவைச் சேணம் தடுத்தலாகாது. பின்னே 18ஆவது விலா எலும்பைக் கடந்தும் நீளலாகாது. அதற்கப்பால் எடையைத் தாங்க விலா எலும்பு இல்லை.

கடிவாளத்தின் இரும்பு, குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈற்றுப் பகுதியில் அமைகிறது. அங்குத் தோல் மெல்லியது, அதனடியில் எலும்பு. இரும்பு குறுகினால் உதட்டோரத்தைக் கிள்ளும். அகன்றால் வாய்க்குள் இங்குமங்கும் நகர்ந்து புண்படுத்தும். மூக்குவாரை இறுக்கினால் குதிரை வாயைத் திறக்கவும் மெல்லவும் இயலாது. வாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரு விரல் நுழைதல் வேண்டும் என்பது பழைய அளவு.

ஒருமுறை அளந்தால் போதும் என எண்ணுதல் தவறு. பயிற்சியால் முதுகுத் தசை திரளும். ஓய்வாலும் நோயாலும் மெலியும். ஆகவே, சென்ற ஆண்டு பொருந்திய சேணம் இவ்வாண்டு பொருந்தாமற் போகலாம். ஒரு குதிரைக்கு நலம் தரும் சேணம் மற்றொன்றுக்கு நோய் தரவும் கூடும்.

வலியின் மொழி

இரையாகும் இனத்தில் தோன்றிய குதிரை, பகை விலங்கின் கண்ணுக்குப் படாதபடி தன் நலிவை மறைக்கும் இயல்புடையது. எனினும் அதன் உடல் பேசுகிறது. சேணத்தைக் கழற்றியதும் வியர்வையால் நனைந்த முதுகின் நடுவே உலர்ந்த திட்டு காணப்படின், அவ்விடம் மிகுதியாக அழுந்தியிருத்தல் கூடும். நெடுநாள் அழுத்தத்தால் மயிர்க்கால்களின் நிறமி அழிய, கருங்குதிரையின் முதுகிலும் வெண்மயிர் தோன்றும். சேணம் ஏற்றும்போது காதைப் பின்னுக்கு மடித்தல், கடிக்க வருதல், ஓடும்போது வாலை ஓயாது சுழற்றுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல் ஆகியவற்றை முரட்டுக்குணம் எனத் தண்டித்தோர் பலர். பெரும்பாலும் அவை முறையீடுகளே.

> தெரிந்து தெளிவோம்
> இங்கிலாந்துக் கால்நடை மருத்துவ அறிஞர் சூ டைசன், ஏறிச் செலுத்தும்போது குதிரை வெளிப்படுத்தும் 24 நடத்தைகளை 2018இல் பட்டியலிட்டார். அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ காணப்படின், எலும்பு, தசை ஆகியவற்றில் வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவரது ஆய்வின் முடிவு.

ஹாங்சோவில் பெற்ற பொன்

சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 செப்டம்பர் 26 அன்று இந்திய டிரஸ்ஸாஜ் அணி 209.205 புள்ளிகளுடன் தங்கப்பதக்கம் வென்றது. அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகியோர் அவ்வணியினர். 1982 தில்லிப் போட்டிக்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. தனிநபர் பிரிவில் அனுஷ் அகர்வல்லா வெண்கலமும் வென்றார். அடுத்த ஆண்டு பாரிசில், ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியர் என்னும் சிறப்பையும் பெற்றார். களத்தில் காணும் சில நிமிட அழகுக்குப் பின்னே, நாள்தோறும் முதுகைத் தடவிப் பார்த்த கைகள் உள்ளன.

குதிரை ஏறும் வாய்ப்பு நம்மில் பலருக்கு அமையாமற் போகலாம். ஆயினும், நுகத்தடி உராய்ந்து காய்ப்பேறிய காளையின் கழுத்தையும், சங்கிலி அறுத்த யானையின் காலையும் நாம் கண்டிருப்போம். உழைக்கும் உயிரின் உடலுக்கேற்பக் கருவியை அமைப்பது மனிதர் கடமை. கருவிக்கேற்ப உயிரை வருத்துவது கொடுமை. முதுகறிந்து சேணம் பூட்டுவோர்க்கே புரவி தன் முழு நடையையும் காட்டும்.