கூடாரம் பெயர்க்கும்போது பிள்ளையிடம் சொன்னீர்களா?



மும்பை தாராவியிலுள்ள ஒரு தமிழ்ச் சபை. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். இரயில்வேயில் பணிபுரியும் ஒரு சகோதரர் எழுந்து நின்றார். நெடுநாளாகத் தடைபட்டிருந்த பதவி உயர்வைக் கர்த்தர் கட்டளையிட்டார் என்றும், புசாவலுக்குப் பணிமாற்றம் வந்திருக்கிறது என்றும், பள்ளி விடுமுறையில் குடும்பமாய்ப் புறப்படுகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றும் கண்ணீரோடு சொன்னார். சபையார் ஒருமனமாய் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய மகள் மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். தன் குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது என்பதை அந்த நிமிஷத்தில்தான் அவள் அறிந்தாள். போதகருக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலியிலிருந்த பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அலுவலகத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியாது.

அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம். ஏனெனில் இது ஒரு வீட்டின் கதை மாத்திரமல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் இடம்பெயர்ந்தோராய்க் கணக்கிடப்பட்டவர்கள் 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள். நம் சபைகளில் அமர்ந்திருக்கிற குடும்பங்களில் பல இப்படி வந்தவையே. நாளை வேறோர் ஊருக்குப் போகப்போகிறவையும் அவற்றில் உண்டு.

பெரிய நகரிலிருந்து சிறிய நகருக்கு

கிராமத்திலிருந்து நகரத்திற்கு வருவதைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்கிறோம். பெரிய நகரிலிருந்து சிறிய நகருக்குப் போவதைப் பற்றிப் பேசியது குறைவு. மும்பை மாநகரத்தின் மக்கள்தொகை 2011-இல் 1 கோடியே 24 இலட்சம். புசாவலின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,87,000. மும்பையிலிருந்து ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தூரத்தில், ஜல்காவ் மாவட்டத்தில், தப்தி நதியின் அருகே அது இருக்கிறது. நாக்பூர் செல்லும் பாதையும் இட்டார்சி செல்லும் பாதையும் பிரிகிற பெரிய இரயில்வே சந்திப்பு அது. சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். கோடையிலோ வெயில் 45 டிகிரியைத் தொடும்.

பெற்றோருக்கு இவ்வூர் நன்மையாகத் தோன்றியது. வாடகையும் செலவும் குறைவு; நெரிசல் வண்டியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டியதில்லை; அலுவலகம் நடந்து போகும் தூரம். ஆனால் மகளுடைய கணக்கு வேறு. ஆறு வயது முதல் கூடப் படித்த தோழிகள் அங்கே இருந்தார்கள். பிறந்த வீடு அங்கே இருந்தது. ஞாயிறு பள்ளியில் அவள் தமிழ் எழுத்துக்களைக் கற்றதும் அங்கேதான். பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் படித்தவளுக்கு, தமிழில் வாசிக்கத் தெரிந்த ஒரே புத்தகம் வேதாகமம். அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்த இடம் அந்தச் சபை. அந்தச் சபையை விட்டால் தமிழும் தன்னைவிட்டுப் போய்விடும் என்று அவள் பயந்தாள்.

பெற்றோர் புதிய ஊரில் பெறப்போவதை எண்ணினார்கள். பிள்ளை பழைய ஊரில் இழக்கப்போவதை எண்ணினாள். இரண்டு கணக்கும் மெய்யானவையே. ஆனால் அந்த வீட்டில் ஒரு கணக்கு மாத்திரமே வாய்விட்டுச் சொல்லப்பட்டது.

மௌனமான குடும்ப ஜெபம்

புசாவலுக்கு வந்தபின் அவள் முறுமுறுக்கவில்லை. பள்ளிக்குப் போனாள், வீட்டு வேலை செய்தாள், தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஆயினும் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவராய் ஜெபிக்கையில், தன் முறை வந்தபோது மௌனமாயிருந்தாள். முதல் வாரம் அது களைப்பு என்று தாய் எண்ணினார். இரண்டாம் மாதத்தில் தகப்பன் கடிந்துகொண்டார். அவள் தலைகுனிந்திருந்தாள், ஜெபிக்கவில்லை.

அவர்கள் சென்ற சபையில் ஆராதனை இந்தியிலும் மராத்தியிலும் நடந்தது. விசுவாசிகள் அன்பாய்ச் சேர்த்துக்கொண்டார்கள். "பம்பாயிலிருந்து வந்த பாப்பா ஒரு பாட்டுப் பாடட்டும்" என்று முதல் ஞாயிறே முன்னால் அழைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை பின்மாற்றத்தில் இருக்கிறாள் என்று ஒரு சகோதரி தாயிடம் இரகசியமாய்ச் சொன்னார். தாய் மூன்று நாள் உபவாசமிருந்தார்.

அது பின்மாற்றமா? 137-ஆம் சங்கீதத்தை நினைத்துப் பாருங்கள். அந்நிய தேசத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுத தேவஜனங்கள் தங்கள் வாத்தியங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பாடச் சொன்னபோது அவர்களால் பாட முடியவில்லை. அந்தப் புலம்பலை ஆவியானவர் வேதத்துக்குப் புறம்பாக்கவில்லை, உள்ளேயே வைத்திருக்கிறார். பாட முடியாத நாட்கள் தேவபிள்ளைகளுக்கும் உண்டு.

தகப்பன் நின்ற வசனம்

அந்த வீட்டில் ஆதியாகமத்தை வரிசையாய் வாசித்து வந்தார்கள். ஒருநாள் இரவு 22-ஆம் அதிகாரம் வந்தது. மோரியா மலைக்குப் போகும் வழியில் ஈசாக்கு தன் தகப்பனிடம் கேள்வி கேட்கிறான். நெருப்பும் கட்டையும் இருக்கின்றனவே, ஆட்டுக்குட்டி எங்கே என்பது அவன் சந்தேகம். ஆபிரகாம் தேவனுடைய கட்டளையின்படியே போய்க்கொண்டிருந்தார். அதனால் கேள்வி கேட்காதே என்று மகனை அதட்டவில்லை. நின்று மறுமொழி கொடுத்தார்.

தகப்பன் அதற்குமேல் வாசிக்கவில்லை. வேதத்தை மூடிவைத்துவிட்டு மகளைப் பார்த்து, "உனக்கு என்னிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா, அம்மா?" என்றார்.

நெடுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "எல்லாரிடமும் சொன்னீர்கள் அப்பா. என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சபையில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் தேவ சித்தத்துக்கு விரோதம் என்று நினைப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்."

பணிமாற்றம் பெறும் இரயில்வே ஊழியர் பழைய குடியிருப்பை முதல் 2 மாதங்கள் வழக்கமான வாடகையிலும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு மேலும் 6 மாதங்கள் கூடுதல் வாடகையிலும் வைத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. தாயும் பிள்ளைகளும் சிலகாலம் மும்பையிலேயே இருப்பதா, எல்லாரும் சேர்ந்து போவதா என்பதைப் பெற்றோர் இருவரும் பல இரவுகள் பேசியிருந்தார்கள். பிரிந்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு தவறல்ல. ஆனால் இப்படியொரு யோசனை நடந்ததே மகளுக்குத் தெரியாது. தகப்பன் அன்றுதான் எல்லாவற்றையும் விவரமாய்ச் சொன்னார். கேட்டுவிட்டு அவள், "கேட்டிருந்தால் நானும் சேர்ந்தே போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அந்தத் தகப்பன் பிள்ளைகளுக்கு முன்பாக முழங்காற்படியிட்டு, "கர்த்தர் வழிநடத்தினார் என்று சாட்சி சொன்னேன், என் மகளை நடத்தவேண்டிய விதத்தில் நடத்தவில்லை" என்று அறிக்கை செய்தார். மகளிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்று அவள் ஒரே ஒரு வாக்கியம் ஜெபித்தாள். "ஆண்டவரே, எனக்கு இங்கே ஒரு தோழியைத் தாரும்" என்பதே அது. ஐந்து மாதங்களுக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட அவளுடைய முதல் ஜெபம்.

தேவ சித்தம் என்ற சொல்லை நாம் பயபக்தியோடு உச்சரிக்க வேண்டும். பிள்ளையின் வாயை அடைக்கும் பூட்டாக அதைப் பயன்படுத்தலாகாது. பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று போதிக்கிற அதே வேதம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கப் பிதாக்களுக்கும் புத்தி சொல்லுகிறது (எபே. 6:1-4).

சிற்றூர் தண்டனை அல்ல

"இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று அவள் தாயிடம் பலமுறை கேட்டதுண்டு. நாத்தான்வேலும் நாசரேத்தைக் குறித்து ஏறக்குறைய இப்படித்தான் கேட்டான் (யோவான் 1:46). நம் ஆண்டவருடைய குடும்பமும் இடம்பெயர்ந்த குடும்பமே. இரவோடிரவாய் எகிப்துக்குப் போனார்கள், திரும்பி வரும்போது யூதேயாவில் அர்கெலாயு அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டு, கலிலேயாவிலுள்ள நாசரேத்தில் குடியேறினார்கள் (மத். 2:13-23). உலக இரட்சகர் வளர்ந்தது தலைநகரத்தில் அல்ல, மற்றவர்கள் அற்பமாய் எண்ணிய ஊரில்.

மகாராஷ்டிர மண்ணிலேயே நமக்கு ஒரு சாட்சி உண்டு. 1858-இல் பிறந்த பண்டித ரமாபாய் அம்மையாரின் இளமைக்காலம் முழுவதும் ஊர் ஊராய் அலைந்த காலமே. 1870-களின் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தபோது அவர் பதின்வயதுப் பெண். பிற்பாடு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட அவர், 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அது புனேவுக்கு மாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பணியின் மையம் புனேயிலிருந்து கேட்காவ் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. நகரத்தைவிட்டு உள்ளொதுங்கிய அந்த முக்தி இல்லத்தில்தான் 1905-இல் எழுப்புதல் உண்டாயிற்று. பெந்தெகொஸ்தே சரித்திரத்தை எழுதுவோர் கேட்காவைக் குறிப்பிடாமல் போவதில்லை.

இதைப் பிள்ளையிடம் சொல்லலாம். ஆனால் அவள் அழுது முடித்தபின் சொல்லுங்கள்; அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லாதிருங்கள்.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

முதலாவது, செய்தி உறுதியானவுடன் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாட்சி பிற்பாடு சொல்லலாம்.

இரண்டாவது, பள்ளிக் காரியங்களை முன்னதாகவே விசாரியுங்கள். கூடுமானால் கல்வியாண்டின் நடுவில் பெயராதிருங்கள். மத்திய கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 10, 12-ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணங்களுக்கே விலக்கு அளிக்கப்படுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது மொழிப்பாடமும் மாறும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணிமாற்ற ஆணையின் நகல் ஆகியவற்றைப் பெட்டியில் கட்டிவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விடைபெற நேரம் கொடுங்கள். தோழிகளை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். புதிய ஊருக்குப் போனபின் பழைய தோழிகளோடு தொலைபேசியில் பேசுவதைத் தடுக்காதிருங்கள். பழைய வேர் காயாமலிருந்தால் புதிய மண்ணில் பிடிப்பது எளிது.

நான்காவது, புதிய சபையில் பிள்ளையை முதல் ஞாயிறே மேடையேற்றாதிருங்கள். சில மாதங்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்க விடுங்கள். அவ்வூரின் மொழியைக் கற்க உதவுங்கள். மராத்தியில் நம்முடைய ளகரம் உண்டு. இந்தி பேசும் பிள்ளைகள் தடுமாறும் அந்த ஒலி தமிழ்ப் பிள்ளைக்கு எளிதாய் வரும். வீட்டில் தமிழ் வேதவாசிப்பை மட்டும் விட்டுவிடாதிருங்கள்.

ஐந்தாவது, வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலும், பேச்சே நின்றுவிட்டாலும், வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலும், ஜெபத்தோடுகூட மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசாங்கம் 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம். மருத்துவரை நாடுவது அவிசுவாசம் அல்ல. லூக்காவும் ஒரு வைத்தியரே.

பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

மும்பையிலிருந்து புசாவல் போகிற பாதையில், காசாராவுக்கும் இகத்புரிக்கும் நடுவே வண்டி மலையேற வேண்டும். 37 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் ஏற்றம் அது. முன்னே இழுக்கும் எஞ்சின் போதாது என்று பல வண்டிகளுக்குக் காசாராவில் பின்புறம் துணை எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். மேட்டைக் கடந்தபின் இகத்புரியில் கழற்றிவிடுவார்கள். "நான் இதுவரை முன்னே நின்று இழுத்துக்கொண்டே போனேன், என் மகளுக்கு அந்த மேட்டில் பின்னாலிருந்து ஒரு கை தேவைப்பட்டது என்று தெரியவில்லை" என்றார் அந்தத் தகப்பன்.

மகள் பத்தாம் வகுப்பைப் புசாவலிலேயே முடித்தாள். ஒரு தோழி கிடைத்தாள்; சபையில் அல்ல, பள்ளியில். இன்றும் தாராவிச் சபையை நினைத்து அவள் ஏங்குவதுண்டு. அந்த ஏக்கத்தை இப்போது வீட்டில் மறைப்பதில்லை. குடும்ப ஜெபத்தில் தன் முறை வந்தால் ஜெபிக்கிறாள். பெரும்பாலும் சிறிய ஜெபம்தான்.

சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில், போன இடத்திலே வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் சொன்னார் (எரே. 29:4-7). நாட்டிய செடி வேர்பிடிக்க நாள் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றுவதே நம் வேலை.

இவ்வாண்டு கூடாரம் பெயர்க்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கர்த்தர்தாமே கரம்பிடித்து நடத்துவாராக. ஆமென்.